11 சாரல் பார்த்த சாப்பாட்டு மேசை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை 2013-ல் செய்தது. தேக்கு வாங்க அப்போது கை எட்டவில்லை. "அயினி எடுங்க தம்பி. மலைக்கு அந்தப் பக்கம் வள்ளம் செய்யுற மரம், தண்ணிக்கு அசராது" என்றார் ஆசாரி. மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள். செங்கோட்டையில் இருந்துகொண்டு தண்ணீருக்குப் பயப்படாமல் மரச்சாமான் வாங்க முடியாது. ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று வர ஆரம்பிக்கும். பீரோவில் இருக்கும் துணிகூடப் பிசுபிசுக்கும்.

முதலில் போட்டது பிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுருட்டி, மூன்று நாள் தேய்த்தார். அந்தத் தேன் நிறத்தை வேறு எந்தப் பூச்சிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் சூடான காபி டம்ளரை வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுந்தது. அரக்கு சூட்டில் இளகும், ஈரம் உள்ளே புகுந்து வெளுத்துப்போகும். 2020-ல் மேசை மேல் சானிடைசர் பாட்டில் வந்து உட்கார்ந்தது. அதில் இருப்பதும் ஆல்கஹால்தானே? சொட்டு விழுந்த இடமெல்லாம் பாலிஷ் கரைந்து, விரல் வைத்தால் ஒட்டியது.

அந்த வருஷக் கடைசியில் மேல்பக்கத்தை மொத்தமாகச் சுரண்டி, மேட் பியூ (மினுமினுப்பில்லாத பாலியூரித்தேன் பூச்சு) அடித்தோம். இப்போது டம்ளர் வட்டம் கிடையாது. சாம்பாரின் மஞ்சள் கறை பிடிக்கிறதுதான், ஆனால் ஜன்னல் வெயில் நாலைந்து நாள் பட்டால் வெளுத்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு. அரக்கில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம். பியூவில் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும், பலகை முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் திரும்ப அடிக்க வேண்டும்.

இந்த மேசை இத்தனை வருஷம் நேராக நிற்பதற்குக் காரணம் மேல்பூச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அது இல்லை என்று ரப்பர் மரப் படிப்பு மேசை வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கினோம். மேலே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, அடியில் வெறும் மரம். இரண்டாவது ஆடியில் மகள் வைத்த பென்சில் தானாக உருண்டு நடுவில் போய் நின்றது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம். அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிந்திருக்கிறது, பூச்சு இருந்த மேல்பக்கம் அதே அளவுக்கு விரியவில்லை. ஓரங்கள் மேலே தூக்கிவிட்டன.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கேயும் பாலிஷ்! யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்குச் செலவு என்று அன்றைக்கு ஆசாரியிடம் நானே கேட்டிருக்கிறேன். பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளாம்புகளில் அவர் போட்டிருந்த துளையும் வட்டமாக இல்லை, நீளவாக்கில் இருந்தது. பலகை அகலவாட்டில் விரியவும் சுருங்கவும் திருகு இடம்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பலகையே பிளந்துவிடும். பங்குனியில் பலகை சட்டத்தைவிட நூல் அளவு உள்ளே போவதும், ஆடியில் திரும்ப வெளியே வருவதும் கைக்கே தெரிகிறது.

மரத்துகளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு கம்ப்யூட்டர் மேசை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மேல்தாள் இன்றும் புதுசுபோல இருக்கிறது. ஆனால் தரை துடைக்கும் தண்ணீர், விளிம்பை மூடும் டேப் ஒட்டாத கால் நுனி வழியாக ஏறி, அடிப்பாகம் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. ஊறின போர்டு திரும்பாது.

அதனால் எந்த மேசையை வாங்கப் போனாலும் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அடிப்பக்கம், விளிம்பு, கால் நுனி மூன்றிலும் ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் பூச்சு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெறும் மரம் சொரசொரக்கும்.

படிப்பு மேசையைப் போன பங்குனியில் காய வைத்து, அடியில் இரண்டு கோட் சீலர் அடித்தேன். பள்ளம் பாதிதான் குறைந்திருக்கிறது. பென்சில் இப்போது மெதுவாக உருள்கிறது.