அசிஸ்ட் இணையதளமும் ட்ரான்ஸ்ஃபர் மையமும்: ஒரு மாணவியுடன் ஓராண்டு பயன்படுத்திய அனுபவம்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டாண்டுகளைப் படித்துவிட்டு, மீதியை அரசுப் பல்கலைக்கழகத்தில் முடிக்க விரும்பும் மாணவர்களுக்கு அசிஸ்ட் என்ற இணையதளம் இன்றியமையாதது. எந்தக் கல்லூரியில் படித்த எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் தன் பாடத்துக்கு ஈடாக ஏற்கும் என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்லும் இடம் அதுவே. தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய ஒரு மாணவிக்கு ஓராண்டாகத் தன்னார்வ வழிகாட்டியாக இருந்த நான், அந்தத் தளத்தையும் பல்கலைக்கழகத்துக்கு மாறுவோருக்கு வழிகாட்டும், அவருடைய கல்லூரியின் ட்ரான்ஸ்ஃபர் மையத்தையும் அருகிலிருந்து பார்த்தேன். தளம் நம்பத்தக்கது, ஆனால் அதை யாருக்காக உருவாக்கினார்களோ அவர்களால் தனியாகப் பயன்படுத்த முடியாதது என்பதே என் மதிப்பீடு.

நல்லதை முதலில் சொல்கிறேன். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. கல்வியாண்டு, படிக்கும் கல்லூரி, சேர விரும்பும் பல்கலைக்கழகம், மேஜர் எனப்படும் முதன்மைப் பாடப்பிரிவு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தப் பக்கம் திறக்கிறது. இடப்பக்கத்தில் பல்கலைக்கழகம் கேட்கும் பாடமும் வலப்பக்கத்தில் அதற்கு ஈடான கல்லூரிப் பாடமும் இருக்கும். ஈடு இல்லையென்றால் அதையும் மறைக்காமல் 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' என்று எழுதிவிடுகிறார்கள்.

சிக்கல் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்தான் தொடங்குகிறது. நாங்கள் முதலில் திறந்தது உயிரியல் மேஜருக்கான ஒப்பந்தம். வேதியியல் வரிசையில் வலப்பக்கத்தில் இரண்டு பாடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இரண்டுக்கும் நடுவே 'அண்ட்' என்ற ஒரு சிறு சொல். இரண்டையும் முடித்தால்தான் இடப்பக்கத்துத் தேவை நிறைவேறும் என்பது அதன் பொருள். முதல் பாடத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்த அந்தப் பெண், வேதியியல் தீர்ந்தது என்று எண்ணி அடுத்த பருவத்தில் வேறு பாடங்களுக்குப் பதிவு செய்துவிட்டார். அவருடைய கைபேசியின் சிறிய திரையில் அந்தச் சொல் கண்ணில் படவே இல்லை. மடிக்கணினியில் பக்கத்தைப் பெரிதாக்கி, விரல் வைத்துக் காட்டியபோதுதான் ஒரு பருவம் கைநழுவியது தெரிந்தது. கோடைக்கால வகுப்பில் இரண்டாம் பாடத்தை முடித்து ஈடுகட்டினோம். ஆனால் மாலை வேலையை விட்டுவிட்டு அந்தக் கோடையைக் கழிப்பது அவருடைய குடும்பத்துக்கு எளிதாக இருக்கவில்லை.

இத்தகைய இழப்பு அபூர்வமானதும் அல்ல. கல்லூரி மாறும் மாணவர்கள் தாங்கள் ஈட்டிய கிரெடிட்டுகளில், அதாவது முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளில், சராசரியாக 43 சதவீதத்தை இழப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் மதிப்பிட்டது. கலிபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறும் நோக்கத்துடன் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தான் நான்கு ஆண்டுகளுக்குள் மாறியிருந்தார்; கறுப்பின, லத்தீன் மாணவர்களிடையே அந்த விகிதம் இன்னும் குறைவு.

அசிஸ்ட் தளம் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது, ஆனால் கேள்வியை மாணவரே கொண்டுவர வேண்டும். எந்த வளாகம், எந்த மேஜர் என்பது முன்பே முடிவாகியிருந்தால்தான் தளம் உதவும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத மாணவருக்கு அந்த முடிவுதான் எடுக்க முடியாதது. ஒரே மேஜருக்கு ஒரு வளாகம் கேட்கும் பாடத்தை இன்னொரு வளாகம் கேட்பதில்லை. எனவே மூன்று வளாகங்களை மனத்தில் வைத்திருப்பவர் மூன்று பக்கங்களையும் திறந்து தாமே ஒப்பிட வேண்டியிருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இதில் இடம்பெறுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது ட்ரான்ஸ்ஃபர் மையம். இந்தக் கல்லூரியில் முதல் சந்திப்புக்கே மூன்று வாரங்கள் காத்திருந்தோம். கிடைத்த அரை மணி நேரத்தில் பொதுக் கவுன்சிலர் எனப்படும் கல்வி ஆலோசகர் பட்டப்படிப்புத் தேவைகளைச் சரிபார்த்தாரே தவிர, மேஜருக்கான ஒப்பந்தத்தைத் திறக்கவில்லை. எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தவர், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்காக 1969 முதல் இயங்கிவரும் ஈ.ஓ.பி.எஸ். திட்டத்தின் கவுன்சிலர். ஒரே பருவத்தில் அவரை மீண்டும் மீண்டும் சந்திப்பது அத்திட்டத்தின் விதியாகவே இருப்பதால், மூன்றாவது சந்திப்புக்குள் அவர் அந்தப் பெண்ணின் முழுக் கதையையும் அறிந்திருந்தார். 1981-இல் ஹேவர்டின் ஷபோ கல்லூரியில் தொடங்கிய புவெந்தே திட்டம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதிலும் சேருங்கள். ஆங்கில வகுப்பு, கவுன்சிலர், வழிகாட்டி மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன.

டேக் எனப்படும் சேர்க்கை உறுதித் திட்டத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னவரும் அதே ஈ.ஓ.பி.எஸ். கவுன்சிலர்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றில் மட்டும், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில் மட்டுமே. டேக் விண்ணப்பத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வழக்கமான சேர்க்கை விண்ணப்பத்தையும் தனியே அனுப்பியாக வேண்டும். அதற்கு ஒரு வளாகத்துக்கு 80 டாலர் கட்டணம் என்றாலும், தகுதியுள்ள குறைந்த வருமான மாணவர்களுக்கு நான்கு வளாகங்கள் வரை விலக்கு உண்டு. இந்த விலக்கை அறியாமல் ஒரே வளாகத்தோடு நிறுத்திக்கொள்ளவிருந்தார் என் மாணவி.

முதல் பருவத்திலேயே அசிஸ்ட் பக்கத்தைப் பதிவிறக்கி, அச்சிட்டு, கவுன்சிலரின் முன் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அவர் வாயால் விளக்கம் கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2021-இன் சட்டப்படி எல்லாச் சமுதாயக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாட எண்கள் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன. பழைய எண்ணில் ஒரு பாடத்தை முடித்தவர்கள் அதைப் புதிய பட்டியலில் தேடிக் காணாமல் கலங்கத் தேவையில்லை, கல்வியாண்டுப் பட்டியலில் தாங்கள் அந்தப் பாடத்தைப் படித்த ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் போதும்.