பெங்களூரு – சேலம் விமானம்: எலகங்காவில் இருந்தால் லாபம், எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தால் வீண்

பெங்களூருவின் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கும் சேலம் ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை வைத்து ஊருக்குப் போகும் கணக்கைப் போடாதீர்கள்.

சேலம் ஏர்போர்ட் ஊருக்குள் இல்லை, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர் சில்க் போர்டு, ஹெப்பாள் எல்லாம் தாண்டி வடக்கே தேவனஹள்ளி போகவே வார நாளில் இரண்டு மணி நேரம் ஆகிவிடும், அங்கே செக்-இன், செக்யூரிட்டி, அப்புறம் பறப்பது, இறங்கி டாக்ஸி பிடித்து சேலம் ஜங்ஷன் வருவது என்று எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரம், அதற்குள் பஸ்காரர் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக உங்களை சேலத்தில் இறக்கிவிட்டிருப்பார். தெற்கு பெங்களூருவில் இருப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஆனால் நாங்கள் ஏர்போர்ட் பக்கமே, வடக்கு பெங்களூருவில் எலகங்காவில் இருக்கிறோம், போக வேண்டியது மேட்டூர். எங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரைக் குறுக்கே கடந்து, அத்திப்பள்ளி டோலில் நின்று, ராத்திரியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. காமலாபுரத்தில் இறங்கினால் மேட்டூர் பக்கம்தான்.

விமானம் ஏடிஆர், இரண்டு பக்கமும் காற்றாடி வைத்தது. சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான், அதற்கு இதுதான் தோது. பின்பக்கக் கதவில் படி ஏறி உள்ளே போக வேண்டும். படி குறுகல், கைப்பிடியும் மெலிசு. முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு அந்த நாலைந்து படிதான் முழுப் பயணத்திலும் கஷ்டமான இடம், அதனால் வயதானவர்களைக் கூட்டிப்போனால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும் ஏறுவதற்கு உதவியும் கேட்டுவிடுங்கள். மேலே பெட்டி வைக்கும் இடமும் சின்னது, பெரிய டிராலியை லக்கேஜில் போட்டுவிடுவது நல்லது. சத்தம் கொஞ்சம் இருக்கும். சேலம் போகும்போது இடது பக்க ஜன்னல் கேளுங்கள், மேகம் இல்லாவிட்டால் சேர்வராயன் மலை நன்றாகத் தெரியும்.

சேலம் ஏர்போர்ட் குட்டியாக இருப்பதே வசதி, நடை கிடையாது, பெட்டி சீக்கிரம் வந்துவிடும். வெளியே டாக்ஸி மட்டும் சொற்பம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இங்கே 2018-இல் சென்னை விமானம் வந்தது, 2021-இல் நின்றுபோனது, 2023 அக்டோபரில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். பெங்களூரு – சேலம் ரூட்டில் விமானம் ரொம்பக் குறைவு, ஒன்று ரத்தானால் மாற்று அன்றைக்கே கிடைப்பது கஷ்டம். கல்யாண முகூர்த்தம், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் மாதிரி தவறவிடக் கூடாத காரியம் என்றால் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள்.