கேபி எண் கிடக்கட்டும், சிவப்புக் கோட்டைப் பாருங்கள்: நோவாவின் சூரியக் காற்றுப் பக்கம்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) குழுக்களில் யாராவது "பேண்ட் செத்துக் கிடக்கு", அதாவது அலைவரிசையில் எதுவும் கேட்கவில்லை என்று புலம்பினால், அடுத்த நிமிஷமே இன்னொருவர் கேபி எண்ணைத் தூக்கிப் போடுவார். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் எண் அது. 5, 6 என்று இருந்தால் ஆளாளுக்கு செட்டை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண் என்று போடுகிற கணக்கு அது. தரையில் காந்தமானிகள் ஆடிய பிறகு வருவது. ஆடப்போகிறதா என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமானால், அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் இலவசமாகத் தரும் நிகழ்நேரச் சூரியக் காற்றுப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டம்தான் சூரியக் காற்று. உள்ளே நுழையக் கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம்.

திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைபடங்கள். வேகம், அடர்த்தி, வெப்பநிலை, காந்தப்புலம். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எல்1 என்கிற ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியில் நிற்கிற செயற்கைக்கோள்கள் அளந்தவை. 1997-ல் ஏவிய ஏஸும் 2015-ல் ஏவிய டிஸ்கவரும் பல வருஷமாக இந்த வேலையைப் பார்த்தன. அடுத்த தலைமுறைக்காக 2025 செப்டம்பரில் இன்னொன்றையும் அனுப்பியிருக்கிறார்கள். விநாடிக்கு 400 கிலோமீட்டரில் வரும் காற்று அங்கிருந்து நம்மை எட்ட ஒரு மணி நேரம் ஆகும். 800 என்றால் அரை மணிதான். கையில் இருக்கும் அவகாசம் அவ்வளவே.

புதிதாகப் பார்ப்பவர்களின் கண் வேகத்துக்குத்தான் போகும். நான் முதலில் பார்ப்பது பி-இசட் என்கிற சிவப்புக் கோட்டை. காற்றோடு வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியிருக்கிறதா, தெற்கு நோக்கியிருக்கிறதா என்று சொல்வது அதுதான். வடக்கு என்றால், காற்று எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் பூமியின் காந்தப்புலம் காற்றைத் தடுத்து நிறுத்தும் எல்லை உள்ளே ஒடுங்குமே தவிர, தாழ்ப்பாள் பெரும்பாலும் விழுந்தபடியே இருக்கும். கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டால்தான் சங்கதி வேறு. பகல் பக்க எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கியது. எதிரும் புதிருமான இரண்டு புலக்கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். 1961-ல் ஜேம்ஸ் டஞ்சி சொன்னது இதைத்தான். இணைந்த கோடுகளைக் காற்று இரவுப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் காந்தப்புல வாலுக்கு இழுத்துப்போய்க் குவிக்கும். அங்கே தேங்கும் ஆற்றல்தான் பிறகு துருவ ஒளியாகவும், எனக்கு உயர் அலைவரிசைகள் படுத்துவிடும் இரவாகவும் வந்து சேர்கிறது. 2024 மே 10 அன்று இந்தக் கோடு மைனஸ் 40 நானோடெஸ்லாவுக்கும் (காந்தப்புலத்தின் அலகு) கீழே போனது. சாதாரண நாளில் ஐந்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும் கோடு அது. 2003 அக்டோபருக்குப் பிறகு ஜி5 என்கிற உச்சத் தர காந்தப்புயல் வந்தது அன்றைக்குத்தான்.

அதே தளத்தில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இன்னொரு பகுதி, ஜியோஸ்பேஸ் காந்தக்கோளப் படங்கள். பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளிதான் காந்தக்கோளம். எல்1 அளவுகளைக் கணினி மாதிரியில் கொடுத்து, பூமியைச் சுற்றி வேகமும் அழுத்தமும் எப்படியிருக்கும் என்று வண்ணத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். முன்னால் அதிர்ச்சி அலையின் வளைவு, அதற்குப் பின்னால் கலங்கிய பிளாஸ்மா (மின்துகள் வாயு), அப்புறம் அந்தக் காந்த எல்லை. சாதாரணமாக அந்த எல்லை பூமியின் ஆரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்தில் நிற்கும். அது லேசில் அசைவதில்லை. செயற்கைக்கோள்கள் பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதை 6.6 மடங்கில் இருக்கிறது; அதுவரை தள்ள, அழுத்தம் மட்டும் என்றால் சுமார் 12 மடங்கு ஏற வேண்டும். தெற்குப் புலமும் கூடச் சேர்ந்து எல்லையை அரித்தால் அதைவிடக் குறைவாகவே போதும்.

படம் அழகுதான், ஆனால் அளவீடு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கோடுகள் அறுந்து இணையும் இடத்தை நேரில் பார்க்க, 2015-ல் போன நாசாவின் எம்எம்எஸ் திட்டத்தின் நான்கு கலங்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் பறக்க வேண்டியிருந்தது. அந்த நுணுக்கத்தை இந்த வண்ணப் படத்தில் தேடாதீர்கள். போதாக்குறைக்கு, எல்1-இல் உட்கார்ந்து அளக்கும் கலத்தைத் தொடுகிற காற்று அப்படியே நம் மேல் வந்து விழும் என்று கட்டாயமும் இல்லை.

"நாளை மறுநாள் பெரும்புயல்" என்கிற செய்திகளை நான் நம்பாததற்கும் இந்தப் பக்கம்தான் காரணம். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய மேகம் தன் புலத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வருகிறது என்பது, அது எல்1-ஐ எட்டும்வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

பக்கத்தில் நேரமெல்லாம் யுடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஹாம்களுக்கு அது பழக்கம், மற்றவர்கள் மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய திரையில் பார்ப்பது நல்லது.

பி-இசட் ஆழமாக இறங்கும் நாளில் நோவாவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்களின் காந்தமானிப் பக்கத்தையும் கூடவே திறந்து வையுங்கள். புவிநிலைப் பாதையில் வழக்கமாக 100 நானோடெஸ்லா சொச்சம் காட்டும் கோடு, செயற்கைக்கோள் பகல் பக்கம் இருக்கும்போது சட்டென்று பூஜ்யத்துக்குக் கீழே விழுந்தால், எல்லை அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று அநேகமாக எடுத்துக்கொள்ளலாம். அது கணினி மாதிரியின் கணக்கு அல்ல, நேரடி அளவு.