கவுச் டு 5கே செயலி: ஐந்தாம் வாரத்தில் யார் பேசுவது?

பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் இந்தச் செயலி (பெயருக்கு ‘சோபாவிலிருந்து 5 கி.மீ. ஓட்டத்துக்கு’ என்று பொருள்), ஓடிப் பழக்கமே இல்லாதவரை ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைக்கப் பார்க்கிறது. காசு கிடையாது. வாரத்துக்கு மூன்று ஓட்டம், நடுவே ஓய்வு நாள். நகைச்சுவைக் கலைஞர் சேரா மில்லிகன், ஒலிம்பிக் வீரர் மைக்கேல் ஜான்சன் போன்றவர்களின் குரல்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பேச்சு ஆங்கிலம்தான்.

முதல் வாரம் 5 நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறி மாறி. ‘ஓடு’, ‘நட’ என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பதால் மனசுக்கு வேலையே இல்லை. நான்காம் வாரம் வரை ஒரே மூச்சில் 5 நிமிடத்துக்கு மேல் ஓடச் சொல்வதும் இல்லை.

ஐந்தாம் வாரம்தான் வில்லங்கம். முதல் நாள் 5 நிமிடம் மூன்று தடவை, அடுத்து 8 நிமிடம் இரண்டு தடவை, மூன்றாம் நாள் 20 நிமிடம் ஒரே ஓட்டம். குரல் எப்போதாவதுதான் வரும். நடுவில் உள்ள மௌனத்தில் ‘போதும்ப்பா, நடந்துடலாம்’ என்று உள்ளுக்குள் ஒன்று தொடங்கிவிடும். அதற்கான பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

இது வெறும் தன்னம்பிக்கைப் பேச்சு இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைச் சோர்ந்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். இரண்டு வாரம் தனக்குத்தானே பேசப் பழகிய பிரிவினர் முன்பைவிட 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். சிரமமும் குறைவாகத் தெரிந்தது. நடுக்கட்டத்துக்கு ஒன்று, கடைசிக்கட்டத்துக்கு வேறொன்று என்று வாசகங்களை அவர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2019இல் 16 ஆண்களை வைத்து நடந்த 10 கி.மீ. சைக்கிள் சோதனையில், ‘நான்’ என்று பேசியதைவிட ‘நீ’ என்று பேசியபோது வேகம் கூடியது. தமிழில் ‘நீ’ என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாம். ‘ஓடு’ என்றாலே அதற்குள் இருக்கிறது.

வாசகம் மூச்சு வெளியே போகும் நேரத்துக்குள் முடிய வேண்டும். முதல் 10 நிமிடத்துக்கு ‘மெதுவா போ’, ‘தோளைத் தளர்த்து’. கடைசி 5 நிமிடத்துக்கு ‘அடுத்த கம்பம் வரைக்கும் ஓடு’. கம்பம் வந்ததும் அதற்கடுத்த கம்பம். ‘நிக்காதே’ வேண்டாம், நிற்கிற நினைப்பைத்தான் அது கிளப்பும். நீளமான வாக்கியமும் மேடைப்பேச்சும் மூச்சு வாங்கும்போது பாதியிலேயே அறுந்துபோகும்.

எவ்வளவு பேசினாலும் எடுபடாத சமயம் உண்டு. பெரும்பாலும் முதல் 3 நிமிடம் வேகமாக ஓடிவிட்டதுதான் காரணம். ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், முழங்காலில் சுருக்கென்ற குத்தல் வந்தால் பேச்சை விட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான்.

ஆறாம் வாரம் முதல் நாள் 5, 8, 5 நிமிடம் என்று இறங்கிவரும். பின்னுக்குப் போய்விட்டோமோ என்று சிலர் குழம்புவார்கள், திட்டமே அப்படித்தான். அன்றைக்குப் பாட்டை அணைத்துவிட்டு, அந்த 8 நிமிடத்தில் சொந்த வாசகத்தை ஒத்திகை பார்த்தால், அதே வாரம் மூன்றாம் நாள் வரும் 25 நிமிடத்துக்குக் கைகொடுக்கும்.