பெட்ரூமில் கம்ப்யூட்டர், ஹாலில் விளையாட்டு: மூன்லைட், சன்ஷைன் எட்டு மாதம் ஓட்டிய கதை

பகல் முழுக்க வேலை பார்த்த அதே நாற்காலியில், அதே மேஜை முன்னால், ராத்திரி விளையாடவும் உட்கார்ந்தால் எனக்கு ஓவர்டைம் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டர் பெட்ரூமில், 43 இன்ச் டிவி ஹாலில், நடுவில் இரண்டு ஒன்பதங்குலச் சுவர். கம்ப்யூட்டரைத் தூக்கி ஹாலில் வைக்கலாம் என்றால் அங்கே இடமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. சரி, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், படம் மட்டும் டிவிக்கு வரட்டும் என்று மூன்லைட், சன்ஷைன் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டு எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அது எதுவும் தொல்லை கொடுக்கவில்லை, யோசித்தே பார்க்காத இரண்டு விஷயங்கள்தான் உயிரை வாங்கின: ஒன்று கேபிள், இன்னொன்று கை.

முதலில் இந்த இரண்டும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சன்ஷைன் கம்ப்யூட்டரில் உட்காரும். திரையில் ஓடுவதை கிராபிக்ஸ் கார்டை வைத்தே வீடியோவாக மாற்றி அனுப்பும். மூன்லைட் டிவி பக்கம் உட்கார்ந்து அந்த வீடியோவைக் காட்டும், நீங்கள் அழுத்தும் பட்டன்களைத் திருப்பி அனுப்பும். மூன்லைட்தான் மூத்தது. அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு ஹேக்கத்தானில் தொடங்கியது, அப்போது பெயர் லைம்லைட். கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா, தன் ஷீல்டு கருவிகளுக்கு விளையாட்டை அனுப்ப வைத்திருந்த கேம்ஸ்ட்ரீம் வசதியோடு பேசுவதற்காக எழுதப்பட்டது. அந்த கேம்ஸ்ட்ரீமை 2023 பிப்ரவரியோடு நிறுத்துகிறோம் என்று 2022 டிசம்பரில் என்விடியா சொல்லிவிட்டது. அந்த இடத்தை நிரப்பியது சன்ஷைன். என்விடியா மட்டும் இல்லாமல் ஏஎம்டி, இன்டெல் கார்டிலும் ஓடும் என்பதால் போனது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. சன்ஷைனைப் போட்டதும் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், 47990 போர்ட் என்று ஒரு பக்கம் திறக்கும். 'இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை' என்று உலாவி மிரட்டும், அது உங்கள் கம்ப்யூட்டரே தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ் என்பதால் வரும் மிரட்டல், பயப்படாமல் உள்ளே போகலாம். மூன்லைட் டிவியில் ஒரு நாலு இலக்க எண் காட்டும், அதை இங்கே அடித்தால் இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும். அவ்வளவுதான். சாதா விளையாட்டுக்காரர்கள் பாதிப் பேர் அந்த மிரட்டலைப் பார்த்தே ஓடிவிடுவார்கள், அதை மட்டும் கொஞ்சம் நாகரிகமாக்கியிருக்கலாம்.

இனி தொல்லைகளுக்கு வருகிறேன்.

டிவியிலேயே ஆண்ட்ராய்டு இருக்கிறதே, அதிலேயே மூன்லைட்டைப் போட்டுவிடலாம் என்றுதான் தொடங்கினேன். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் கார் ஓட்டும்போது வளைவில் திருப்பினால், கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி ஒரு மந்தம். மூன்லைட்டில் புள்ளிவிவரத்தைத் திரையிலேயே காட்டச் சொல்லலாம். போட்டுப் பார்த்தால், வந்த வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கு மட்டும் டிவி 28 மில்லிசெகண்ட் எடுக்கிறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரமே 16.7 மில்லிசெகண்ட்தான், அப்புறம் மந்தமாக இல்லாமல் என்ன செய்யும். கீல் உடைந்து, பேட்டரி செத்து, அலமாரியில் கிடந்த எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப் ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, டிவிக்குக் கீழே ஷோகேஸில் படுக்க வைத்து, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்து, அதில் மூன்லைட்டைப் போட்டேன். அதே வேலை 3 மில்லிசெகண்டில் முடிந்தது. புதுப் பெட்டி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள், நிச்சயம் கிடக்கும். கூடவே டிவி அமைப்பில் 'கேம் மோட்' போட மறக்காதீர்கள். அது இல்லாமல் டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கும், மூன்லைட்டின் கணக்கில் அது வராது, கைக்கு மட்டும் தெரியும்.

அடுத்து கேபிள். ரூட்டர் ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் வைஃபையில் இருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படம் அரை நொடி உறையும், சதுரம் சதுரமாக உடையும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே சந்தில்தான் குடியிருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் காலியாக இருக்கும், ஆனால் இரண்டு செங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடும். அதோடு கம்ப்யூட்டரும் வைஃபை, லேப்டாப்பும் வைஃபை என்றால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணம் செய்ய வேண்டும், அனுப்புபவர் பேசும்போது வாங்குபவர் காத்திருக்க வேண்டும். இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று ஒரு நண்பர் சொன்னார், அது தவறு. இது வீட்டுக்குள்ளேயே சுற்றும் விஷயம், வெளி இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் ஓடும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவரைத் துளைக்க வேண்டுமோ, வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று நான் விழித்துக்கொண்டிருக்க, அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எதுக்கு சார் ஓட்டை போட்டுக்கிட்டு, வெண்டிலேட்டர் வழியாவே விட்டுரலாம்" என்றார். கதவுக்கு மேலே இருக்கும் வெண்டிலேட்டர் வழியாக 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள், சுவரோரமாக வெள்ளை கேசிங், ஆள்கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். இந்த மொத்த ஏற்பாட்டில் நான் செய்த ஒரே உருப்படியான செலவு அதுதான். அன்றிலிருந்து நெட்வொர்க் தாமதம் 1 மில்லிசெகண்டில் அசையாமல் நிற்கிறது. 1080பி, 60 படத்துக்கு 20 எம்பிபிஎஸ்ஸே போதும், நான் 40 வைத்திருக்கிறேன். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள், 1080பிக்கு அதுவே தாராளம்.

4கே வேண்டாமா என்றால், வேண்டாம் என்பேன். ஒன்பது அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து 43 இன்ச் டிவியில் பார்க்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, எழுத்துகள்தான் பொடிப்பொடியாகிவிடுகின்றன. கம்ப்யூட்டர் முன்னால் ஒன்றரை அடியில் உட்கார்பவருக்காக வடிவமைத்த விளையாட்டுகளில் இது பெரிய அவஸ்தை. சிவிலைசேஷன் 6 மாதிரி எழுத்து நிறைந்த விளையாட்டில் இடைமுக அளவைப் பெரிதாக்கும் வசதி இருப்பதால் தப்பித்தேன்.

இப்போது கை. உண்மையில் இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரோடு புளூடூத்தில் இணைக்கக் கூடாது, இரண்டு சுவரைத் தாண்டி அது வராது. ஹாலில் இருக்கும் லேப்டாப்போடுதான் இணைக்க வேண்டும். நீங்கள் அழுத்துவதை மூன்லைட் வாங்கி அனுப்ப, அங்கே சன்ஷைன் இல்லாத ஒரு கன்ட்ரோலரை இருப்பதாக நம்ப வைத்துவிடும், விளையாட்டுக்கு வித்தியாசமே தெரியாது. அதிர்வு கூடத் திரும்பி வருகிறது.

முதலில் வைத்திருந்த கன்ட்ரோலர், பெயர் வேண்டாம், பதினான்கே மாதத்தில் இடது ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்துவிட்டது. நான் சும்மா இருந்தாலும் பாத்திரம் இடது பக்கம் ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் விழும். பழைய வகை ஸ்டிக்குகளுக்குள் கார்பன் பட்டையின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும், தேய்ந்தால் இப்படித்தான். ஹால் எஃபெக்ட் என்று போட்டிருப்பதில் காந்தமும் உணரியும்தான், உரசல் இல்லை. அதனால் அடுத்து 8பிட்டூ அல்டிமேட் 2சி வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, ஸ்டிக் இறுக்கமாக நடுவுக்கு வந்து நிற்கிறது, தோள் பட்டன்களுக்குப் பக்கத்தில் கூடுதலாக இரண்டு சின்னப் பட்டன்கள். அதோடு வரும் டாங்கிளை, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் குட்டி யூஎஸ்பி செருகியை மட்டும், லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகாதீர்கள். அந்த போர்ட் எழுப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் போய் விழும் என்பது தெரிந்த சங்கதி. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி ஷோகேஸுக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறேன், பார்க்க அசிங்கம், வேலை சுத்தம்.

குறி பார்த்துச் சுடும் விளையாட்டுகளில் ஸ்டிக்கை வைத்து எனக்கு ஒன்றும் வராது, இருபது வருட மவுஸ் பழக்கம். தம்பியின் பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸைக் கடன் வாங்கி, சாய்வை உணரும் அதன் ஜைரோவை, விளையாட்டுகள் விற்கும் தளமான ஸ்டீமின் மென்பொருள் வழியாக இயக்கிப் பார்த்தேன். கன்ட்ரோலரையே லேசாகச் சாய்த்தால் குறி நகரும், பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், கடைசிச் சின்ன திருத்தத்துக்கு மணிக்கட்டு. முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது, மூன்றாம் நாள் தலைக்குச் சுட ஆரம்பித்துவிட்டேன். இது வேண்டுமென்றால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்காதீர்கள், அதில் ஜைரோ கிடையாது. சன்ஷைன் அமைப்பில் கன்ட்ரோலர் வகை 'தானியங்கி' என்றோ, பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 என்றோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுஸ் இல்லாமல் நடக்கவே நடக்காது என்கிற விளையாட்டுகளுக்கு என்ன செய்வது? மடியில் தலையணை வைத்துப் பார்த்தேன், மவுஸ் அமுங்கிப் போகிறது. டீப்பாயை இழுத்துப் போட்டுக் குனிந்து விளையாடினால் மறுநாள் முதுகு பேசுகிறது. வெளிநாட்டில் இதற்கென்றே லேப்போர்டு என்று மடியில் வைக்கும் பலகை விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது மகளின் எக்ஸாம் பேட். ஆமாம், பரீட்சைக்குக் கொண்டுபோவாளே, அதேதான். கிளிப் வெளிப்பக்கம் இருக்கும்படி வலது தொடையில் வைத்து, கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டால் நழுவாது. வழவழப்பான மேற்பரப்பில் மவுஸ் அருமையாக ஓடுகிறது. சின்ன வயர்லெஸ் கீபோர்டு இடது தொடையில். திவானில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இப்படி இரண்டு மணி நேரம் விளையாடலாம், நான் உத்தரவாதம்.

நடுவில் விண்டோஸ் ஏதாவது ஒரு பெட்டியைக் காட்டி 'சரி' அழுத்தச் சொல்லும்போது மவுஸைத் தேட வேண்டாம். கன்ட்ரோலரின் ஸ்டார்ட் பட்டனைக் கொஞ்ச நேரம் பிடித்தால் ஸ்டிக்கே மவுஸாகிவிடும். இது மூன்லைட்டில் எங்கோ ஒளிந்துகிடக்கிறது, தெரியாமல் ஒரு மாதம் ஒவ்வொரு தடவையும் பெட்ரூமுக்கு நடந்தேன்.

எரிச்சல்கள் இல்லாமல் இல்லை. மானிட்டரை அணைத்துவிட்டால் சில சமயம் பிடிப்பதற்குத் திரையே இல்லை என்று சன்ஷைன் கைவிரிக்கும். அதற்கென்று எச்டிஎம்ஐ போலிச் செருகி ஒன்று கிடைக்கிறது, மானிட்டர் இருப்பதாகக் கார்டை ஏமாற்றும், மாட்டியபின் தொல்லை இல்லை. தூங்கும் கம்ப்யூட்டரை மூன்லைட்டிலிருந்தே எழுப்பலாம், கேபிளில் இருப்பதால் பெரும்பாலும் எழுகிறது. கரண்ட் போனால்தான் வேடிக்கை: ஹால் இன்வெர்ட்டரில், பெட்ரூம் கம்ப்யூட்டர் நேர் லைனில். டிவி ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று காட்டிக்கொண்டு.

இவ்வளவு மெனக்கெட முடியாது, விளையாடுவது எல்லாம் ஸ்டீமில்தான் என்றால் ஸ்டீம் லிங்க் ஆப்பே போதும். அதுவும் இலவசம், கன்ட்ரோலர் அமைப்பு அதில் இன்னும் எளிது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015ல் இதற்கென்று 50 டாலருக்கு ஒரு குட்டிப் பெட்டியே விற்றது, 2018ல் நிறுத்தி ஆப்பாக்கிவிட்டது. நான் மூன்லைட்டில் நின்றதற்குக் காரணம், ஸ்டீமுக்கு வெளியே இருக்கும் விளையாட்டுகளும், சமயத்தில் முழு டெஸ்க்டாப்பும் அப்படியே வருவதுதான்.

மார்ச்சில் மகளுக்கு முழுப்பரீட்சை வந்தது. பேடைக் கேட்டாள், திருப்பிக் கொடுத்தேன். அதன் நடுவில் மவுஸ் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று இருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்குத் தனியா ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றாள். மறுநாளே வாங்கினேன், 80 ரூபாய்.