ஆன்ட்டி-ஹியூமன்: தத்துவத்திலும் இரத்த வங்கியிலும்

‘ஆன்ட்டி-ஹியூமன்’ என்று கேட்டதும் மனித குலத்தின் மீதான பகை என்றே பொருள் கொள்ளத் தோன்றினாலும், அச்சொல் நிலைபெற்றுள்ள இரு துறைகளிலும் அப்பொருள் இல்லை. 1960களின் பிரெஞ்சுத் தத்துவத்தில் இது ‘ஆன்ட்டி-ஹியூமனிசம்’ என்ற வடிவில் வழங்கியது. மார்க்சியத் தத்துவவாதி அல்தூசர், ‘மனித சாரம்’ (எல்லா மனிதருக்கும் பொதுவான மாறாத இயல்பு) என்ற ஒன்றைக் கொண்டு வரலாற்றை விளக்க முடியாது, சமூக அமைப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார்; ஃபூக்கோ 1966இல், ‘மனிதன்’ என்பதே அண்மைக்கால அறிவின் புனைவு என்று எழுதினார். மறுக்கப்பட்டது ஒரு கருத்து, ஆட்கள் அல்லர்.

மருத்துவத்தில் இச்சொல் இன்னும் நேரடியானது. மனித இரத்தத்திலுள்ள குளோபுலின் என்ற புரதத்தை முயலின் உடலில் செலுத்தினால், முயல் அதை அயற்பொருளாகக் கொண்டு எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்கும். அதுவே ஆன்ட்டி-ஹியூமன் குளோபுலின். 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகியோர் விவரித்த சோதனையில், சிவப்பணுக்களின் மேல் ஒட்டியிருந்தும் அவற்றைத் தாமாகத் திரளச் செய்ய இயலாத மனித எதிர்ப்பொருள்களை இது பாலம்போல் இணைத்து, கண்ணுக்குத் தெரியும் திரளாக்குகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான ரீசஸ் (Rh) இரத்த வகைப் பொருத்தமின்மையால் பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தையைக் கண்டறியவும், இரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்க்கவும் இன்றும் இதுவே கைகொடுக்கிறது. பெயரில் பகை, பயனில் காப்பு!

தொழில்நுட்ப விவாதங்களில் இச்சொல் பெரும்பாலும் வசவாகவே வழங்குவதால் அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டில், துல்லியத்தில் மருத்துவமே முந்துகிறது என்பது என் கருத்து. ‘எதிர்’ என்பது எதனோடு பிணைகிறது என்பதை அங்கே சோதனைக்குழாயிலேயே காட்டிவிடலாம். தத்துவத்தில் அவ்வாறு காட்ட வழியில்லை; ‘எதிர்’ எதைக் குறிக்கிறது என்பதே அங்கே சர்ச்சையாகிறது. அல்தூசரின் கோட்பாட்டில் மனிதரின் செயலுக்கே இடமில்லை என்று 1978இல் வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் கடுமையாகச் சாடினார்.