வி.ஏ.ஆர். சேவை: கேலரியில் உட்கார்ந்து பார்த்தவனின் விமர்சனம்

வி.ஏ.ஆர். எனும் வீடியோ ரெஃப்ரி, அதாவது தனி அறையில் உட்கார்ந்து ரீப்ளே பார்த்து மைதான ரெஃப்ரியின் காதில் சொல்லும் ஏற்பாடு, கால்பந்து விதிப் புத்தகத்தில் ஏறி பல வருஷம் ஆகிவிட்டது, 2018 உலகக் கோப்பையிலிருந்து பார்க்கிறோம். ஆனால் எல்லோரும் அதை டிவி பார்ப்பவர் கணக்கில்தான் எடை போடுகிறார்கள். கோடு சரியா, கையில் பட்டதா, அந்தப் பெனால்டி கொடுத்தது நியாயமா என்று. நான் கேட்பது வேறு. டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தவருக்கு இந்தச் சேவை என்ன தருகிறது? சுற்றி இருக்கும் பல்லாயிரம் பேரின் ரத்தத்தை இது கொதிக்க வைக்குமா? வைக்கும் என்றுதான் நினைக்கிறேன். தீர்ப்பு தனக்கு எதிராகப் போவதைக்கூட ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் நிற்க வைத்தால் தாங்கமாட்டார்கள்.

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அப்போது தோஹாவில் வேலை. கத்தாரில் வசிப்பவர்களுக்கு என்று ஒதுக்கிய 40 ரியால் டிக்கெட் குலுக்கலில் விழுந்தது, லீவு போட்டுவிட்டு லுசைல் ஸ்டேடியத்துக்குப் போனேன். உலகக் கோப்பையில் அர்ஜென்டினா, சவுதி அரேபியா. மதியம் 1 மணி ஆட்டம், 88,012 பேர், எங்கு பார்த்தாலும் பச்சைச் சட்டை, நடுநடுவே நீலம் வெள்ளை. 10 நிமிஷத்துக்குள்ளேயே மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டார். ஆனால் அந்தப் பெனால்டி எதற்கு என்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. கார்னர் வந்தது, பந்து போய்விட்டது, ரெஃப்ரி ஸ்லாவ்கோ வின்சிச் திடீரென்று ஓரமாக இருக்கும் மானிட்டரைப் பார்க்க ஓடினார், திரும்பி வந்து பெனால்டி புள்ளியைக் காட்டினார். அர்ஜென்டினாவின் பரேதெஸைப் பிடித்து இழுத்தார்கள் என்பது ராத்திரி ரூமுக்கு வந்து ஹைலைட்ஸ் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் 27-வது நிமிஷம். லவுத்தாரோ மார்டினெஸ் கீப்பருக்கு மேலே பந்தைத் தூக்கி உள்ளே போட்டார். பக்கத்து சீட்டில் மெஸ்ஸி சட்டை போட்ட மலப்புறத்துப் பையன், அரை மணி நேரம் முன்னால்தான் அறிமுகம், என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். இறக்கிவிட்டுப் பார்த்தால் ரெஃப்ரி காதில் விரல், வீடியோ அறை சொல்வதைக் கேட்கிறார். "சேட்டா, என்னாச்சு?" என்றான், எனக்கென்ன தெரியும். அவன் கையில் இருந்த போன் அதிர்ந்தது. ஊரில் வீட்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவன் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான்: ஆஃப்சைடு போலத் தெரிகிறது, அதாவது பாஸ் கொடுத்த நொடியில் லவுத்தாரோ எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்றுவிட்டார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சோபாவில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது, கண்ணெதிரே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் எங்கள் வரிசையில் நிலவிய நிலைமையை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். கொண்டாடியவர்கள் கையைத் தூக்கியபடி நிற்கிறார்கள், பச்சைச் சட்டைகள் விசில் அடிக்கிறார்கள், யாரோ யாரையோ பார்த்துக் கத்துகிறார், எதைப் பற்றி என்று அவருக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கோல் இல்லை என்றார்கள், பெரிய ஸ்கிரீனில் அந்த முப்பரிமாணப் படம் வந்தது. தற்காப்பு வரிசைக்கு ஒரு சுவர் மாதிரி கோடு, அதைத் தாண்டி லவுத்தாரோவின் தோள். கூரைக்குக் கீழே 12 கேமரா, பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார், எல்லாம் சேர்ந்து போட்ட படம் அது. பையன் அதைப் பார்த்தான், "ச்சே" என்றான், உட்கார்ந்தான். அவ்வளவுதான். அன்றைக்கு முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 3 முறை பந்தை வலைக்குள் அனுப்பி ஆஃப்சைடில் இழந்தது, ஆட்டத்தையும் 2-1 என்று தோற்றது, என்னைச் சுற்றி ஒரு பாட்டில்கூடப் பறக்கவில்லை. படம் காட்டினார்கள், கோபம் இறங்கியது. இந்தச் சேவை உருப்படியாக வேலை செய்து நான் நேரில் பார்த்தது இது ஒன்றுதான்.

இப்போது இதே அர்ஜென்டினா, பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 2024 ஜூலை 24, செயிண்ட் எட்டியென். எதிரணி மொரோக்கோ, கேலரி முழுக்கக் கிட்டத்தட்ட மொரோக்கோ ரசிகர்கள். ரஹிமியின் 2 கோலில் மொரோக்கோ 2-1 என்று முன்னிலை. நின்ற நேரத்துக்கு ஈடாகக் கடைசியில் சேர்க்கும் இஞ்சுரி டைம் மட்டும் 15 நிமிஷம் கொடுத்தார்கள், அதுவும் தாண்டி 16-வது நிமிஷத்தில் அர்ஜென்டினாவின் மெதினா தலையால் முட்டி 2-2 ஆக்கினார். பாட்டில் பறந்தது, பட்டாசு விழுந்தது, ஆட்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். வீரர்களை உள்ளே அழைத்துப் போனார்கள், கூட்டத்தை வெளியே அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 2 மணி நேரம் கழித்து, காலி ஸ்டேடியத்தில் ரெஃப்ரி மானிட்டரைப் பார்த்து ஆஃப்சைடு, கோல் இல்லை என்றார். மிச்சம் 3 நிமிஷம் ஆடி மொரோக்கோ 2-1 என்று ஜெயித்தது.

இதில் ஒன்றைச் சரியாகச் சொல்லவேண்டும். கலவரத்தை வீடியோ ரெஃப்ரி தூண்டவில்லை, அது அந்தக் கோலும் 15 நிமிஷமும் சேர்ந்து செய்த வேலை. எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்தக் கோலை ரத்து செய்யும் தீர்ப்பு, கோபத்தில் இருந்த கூட்டத்துக்கே சாதகமான தீர்ப்பு, இந்தச் சேவையின் கையில்தான் இருந்தது. பந்து வலையில் விழுந்த கையோடு, "ஆஃப்சைடு பார்க்கிறோம், பொறுங்கள்" என்று மைக்கில் ஒரு குரல் கேட்டிருந்தால், அந்த மொரோக்கோக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சாமி கும்பிட்டுக்கொண்டு சீட்டிலேயே நின்றிருப்பார்கள். தண்ணீர் வாளி கையில் இருந்தும் வீடு எரிந்து முடிந்தபின் ஊற்றினார்கள். ரெஃப்ரி கிளென் நீபெர்க், ஸ்வீடன்காரர். தங்கள் லீகில் இந்தச் சேவையே வேண்டாம் என்று ரசிகர்கள் எதிர்ப்பால் மறுத்த நாடு அது.

கோல் ரத்தாவதால் கூட்டம் பொங்குவது புதுசும் இல்லை. 1964 மே 24, லிமா. பெரு, அர்ஜென்டினா, ஒலிம்பிக் தகுதி ஆட்டம். பெருவின் சமன் கோலை ரெஃப்ரி செல்லாது என்றார், இரண்டு பேர் உள்ளே இறங்கினார்கள், போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை குண்டு வீசியது, ஜனங்கள் படிக்கட்டு வழியாக இறங்கி ஓடினார்கள், கீழே கதவுகள் பூட்டியிருந்தன. அரசுக் கணக்கில் 328 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அந்தப் படிக்கட்டுகளில் மூச்சுத் திணறி. எனவே வீடியோதான் வன்முறையைக் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு விசில் ஊதினால் அந்த நொடியே முடிந்தது. இப்போது கொண்டாடவிட்டு, நிறுத்திவைத்து, யோசித்து, பிறகு பிடுங்குகிறார்கள். அந்த நடுவில் இருக்கும் நிமிஷங்கள்தான் புதுச் சரக்கு, அதைப் பற்றித்தான் என் புகார் எல்லாம்.

சேவை உண்டு என்று சொல்லிவிட்டு இல்லாமல் போனால் இன்னும் மோசம். 2019 மே 31, ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியின் இரண்டாவது ஆட்டம், துனிசியாவின் ராதெஸ். மொரோக்கோ கிளப் விதாத் கசாபிளாங்காவின் சமன் கோல் ஆஃப்சைடு என்று போனது, வீடியோ பாருங்கள் என்று கேட்டார்கள், மெஷின் வேலை செய்யவில்லை. விதாத் ஆட மறுத்தது, ஒன்றரை மணி நேரம் ஆட்டம் நின்றது, கடைசியில் கோப்பையை எதிரணியான துனிசியாவின் எஸ்பெரான்ஸ் கையில் கொடுத்தார்கள். மெஷின் இருப்பதாகவே சொல்லாமல் இருந்திருந்தால் திட்டிக்கொண்டே ஆடியிருப்பார்கள்.

துருக்கியையும் சொல்லவேண்டும். அங்கே 2018-19 சீசனிலிருந்தே வீடியோ ரெஃப்ரி உண்டு. ஆனாலும் 2023 டிசம்பர் 11 அன்று அங்காராகுஜு கிளப் தலைவர் ஃபரூக் கோஜா மைதானத்துக்குள் இறங்கி ரெஃப்ரி ஹலீல் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார், கீழே விழுந்தவரைச் சிலர் காலால் உதைத்தார்கள், லீகையே சில நாள் நிறுத்தினார்கள். ரெஃப்ரி மேல் ஊருக்கே நம்பிக்கை இல்லாத இடத்தில் கேமரா எத்தனை வைத்தாலும், சந்தேகம் விசில் ஊதுபவரை விட்டு மூடிய அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மாறுகிறது, குறைவதில்லை. 2025 பிப்ரவரியில் கலாத்தாசராய், ஃபெனர்பாச்சே ஆட்டத்துக்கு வெளிநாட்டு ரெஃப்ரியைக் கூட்டிவந்தார்கள். யாரை? லுசைலில் நான் பார்த்த அதே வின்சிச்சை.

நார்வேயில் கோபம் வேறு உருவம் எடுத்தது. 2024 ஜூலையில் ரோசன்போர்க், லில்லஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் வீடியோ ரெஃப்ரியை எதிர்த்து மீன் கட்லெட்டும் டென்னிஸ் பந்தும் மைதானத்துக்குள் வீசினார்கள், திரும்பத் திரும்ப வீசியதில் ஆட்டமே கைவிடப்பட்டது. யார் தலையும் உடையவில்லை, ஆனால் சேவையின் வாடிக்கையாளர் அந்த அளவுக்குப் போகிறார் என்றால் கவுண்டரில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்திருப்பீர்கள். டிஆர்எஸ் எடுத்தவுடன் மொத்தக் கூட்டமும் ஸ்கிரீனைப் பார்க்கிறது, பேட்டில் பட்டதா, பந்து எங்கே விழுந்தது, ஸ்டம்பில் படுமா என்று ஒவ்வொரு படியாக அம்பயரோடு சேர்ந்தே தெரிந்துகொள்கிறது. நம்ம ஆள் அவுட் என்றாலும் முனகிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். கால்பந்தில் சந்தேகக் காட்சியைப் பரிசீலனை முடியும்வரை கேலரிக்குக் காட்டுவதே அபூர்வம், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டு ஸ்டேடியங்களில் பல வருஷம் பெரிய ஸ்கிரீனே இல்லாமல் ஓட்டினார்கள். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோலை, வீடியோ அறையில் இருந்தவர்களுக்குள் புரிதல் தப்பி, ஆஃப்சைடு என்றே விட்டுவிட்டார்கள். அவர்கள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவை மூன்று நாள் கழித்து வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் உலகத்துக்கே போட்டுக் காட்ட முடிகிறதை, அதே நிமிஷம் காசு கொடுத்து வந்தவர் காதில் போட ஏன் முடியாது?

ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் ரெஃப்ரியே மைக்கில் முடிவையும் காரணத்தையும் ஸ்டேடியத்துக்குச் சொன்னார், 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் லீக் கோப்பை அரையிறுதியிலும் செய்தார்கள். ஆனால் முடிந்த பிறகுதான் சொல்கிறார்கள். எதைப் பார்க்கிறோம் என்பதை ஆரம்பத்திலேயே சொன்னால்தான் அந்த நிமிஷங்கள் ஆறும்.

டிவி முன்னால் இருப்பவர் 5க்கு 4 தரலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். கேலரிக்கு 5க்கு 2, அதில் ஒன்று லுசைல் ஸ்கிரீனுக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: உட்கார்ந்தவுடன் வெளியேறும் வழி எது, அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் கோல் விழுந்து ரெஃப்ரி காதில் விரல் வைத்தால், கூட்டத்தை முந்தலாம் என்று படிக்கட்டுப் பக்கம் நகராதீர்கள், பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே இருங்கள்.